நொடிக்குப் பன்னிரண்டு படம்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பயிற்சிப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவள். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்களாம். ஒரே ஒரு போட்டோவைக் கொடுத்தால் போதுமாம், அதில் இருக்கிற ஆள் தானாகவே கையை அசைப்பாராம், தலையைத் திருப்புவாராம், நடப்பாராம். தையல் லைனுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பாடம் சொல்லும் படங்களை இனி அதில்தான் செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

"நம்ம கம்பெனியில போட்டோவை வெச்சு மொதல்ல படம் பண்ணது நீங்கதான் மேடம். எங்கருந்து ஸ்டார்ட் பண்றதுன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பிறகு எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவளுக்காக எழுத உட்கார்ந்தது இது. சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை முதலில் அழுத்துவது என்பதை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அதைத் தவிர மற்றதைச் சொல்கிறேன்.

நான் எஸ்தர். ஆம்பூர்தான் சொந்த ஊர். பிளஸ் டூ முடித்த கையோடு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். தோல் துண்டுகளை ஒன்றோடு ஒன்று தைத்து அந்த அப்பரை உருவாக்குவதுதான் எங்கள் லைனின் வேலை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, கழுத்து எலும்பு தேய்ந்தது. எல்லாம் அந்த மெஷின் முன்னாலேயே நடந்தது. சர்ச்சில் மாலை நேரத்தில் இலவசமாக நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் சும்மா சேர்ந்தேன். அந்த ஒரு சர்ட்டிபிகேட்டைப் பார்த்துத்தான் பயிற்சிப் பிரிவு மேனேஜர் நசீர் சார் என்னை மெஷினிலிருந்து எழுப்பி ஆபீஸுக்குள் கூட்டிப் போனார்.

நசீர் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் சிறியவர். தோல் தொழில்நுட்பம் படித்தவர். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கிளீனிங் செய்கிற பெண்ணைக்கூட "வாங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது கேட்கப் போனால் முதலில் உட்காரச் சொல்வார். பிறகு டீ வரவழைப்பார். நாம் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். பேனா மூடியைக் கழற்றி, நாம் சொன்னதில் ஒரு வரியை எழுதிக்கொண்டு, மூடியை மாட்டி, "நோட் பண்ணிக்கிட்டேம்மா" என்பார். வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். அடுத்த வாரம் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. மற்ற மேனேஜர்கள் முடியாது என்று கத்துவார்கள், நாமும் பதிலுக்குக் கொஞ்சம் கத்திவிட்டு வரலாம். இவரிடம் அதற்கு வழி இல்லை.

படம் எடுக்கும் யோசனை அவருடையதுதான். அப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்வார்கள். சூப்பர்வைசர் தமிழில் கத்துவது அவர்களுக்குப் புரியாது. அதனால் பேச்சே இல்லாத படம் வேண்டும் என்றார். வீடியோ எடுத்துப் பார்த்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தது, தைக்கிற கையோ மங்கலான நிழலாகத் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு அசைவையும் தனித்தனி போட்டோவாக எடுத்து, வரிசையாக அடுக்கிப் படமாக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

யாருடைய கையைப் படமெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பக்கத்து மெஷினில் பல வருடம் உட்கார்ந்திருந்த தனம்தான். தனலட்சுமி என்பது முழுப்பெயர். பேரணாம்பட்டைத் தாண்டி ஒரு ஊர், கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். குட்டையான விரல்கள். ஊசி இறங்கி ஒரு நகம் நிரந்தரமாகக் கறுத்திருக்கும். தைக்கும்போது ஊசியைப் பார்க்கவே மாட்டாள், தோலின் ஓரத்தைத்தான் பார்ப்பாள். அவள் தைத்த அப்பரைச் செக்கிங்கில் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

பயிற்சி அறையின் மூலையில் ஒரு மெஷினைப் போட்டோம். பழைய ஷூ ரேக்கின் இரும்புக் கம்பிகளை வெல்டரிடம் கொடுத்து ஒரு ஸ்டாண்டு செய்து, கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினேன். முதல் நாள் எடுத்ததெல்லாம் வீண். ஜன்னலில் வெயில் நகர நகர, பழுப்புத் தோல் படத்துக்குப் படம் நிறம் மாறியது. திரை கட்டினேன். கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்தி எல்லாவற்றையும் கையால் ஒரே அளவில் வைத்தேன். பட்டனை விரலால் அழுத்தினால் கேமரா ஒரு மயிரிழை ஆடும், ஓட்டிப் பார்க்கும்போது மெஷினே நடுங்குவது போல் இருக்கும். கேமராவைத் தொடாமல் தள்ளி நின்று அழுத்த ஒரு வயர் வாங்கிக் கொடுத்தார்கள். தனத்தின் கண்ணாடி வளையல்கள் பெரிய தொல்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவை இடம் மாறிவிடும். சேர்த்து ஓட்டினால் வளையல் உயிர்பெற்று மணிக்கட்டைச் சுற்றிக் குதிக்கும். கழற்றி வைக்கச் சொன்னேன். நூல்முனை பறக்கிறது என்று ஃபேனையும் நிறுத்தினேன்.

மெஷினை மோட்டாரில் ஓட்ட முடியாது. பக்கத்துச் சக்கரத்தைத் தனம் கையால் மெல்லத் திருப்புவாள். ஊசி இறங்கும். மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு போட்டோ எடுப்பேன். சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருப்புவாள். ஊசி ஏறும். இன்னொரு போட்டோ. நூல் அறுந்தால் நிறுத்திவிட்டு, கோர்த்த பிறகு தொடர்வோம். வியர்வையைத் துடைத்தால் அதுவரை காத்திருப்பேன். கற்றுக்கொள்ள வருகிறவளுக்கு அந்தக் காட்சிகள் தேவையில்லை என்பதால் அவை எதுவும் படத்தில் கிடையாது. பிரியா, இந்த இடத்தைக் கவனித்துப் படி.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது போட்டோக்களின் பெயரில் எண் வரிசை தப்பக்கூடாது. புதுப் படத்துக்கு அடியில் முந்தைய படத்தை, எண்ணெய்க் காகிதத்தில் தெரிவது போல மங்கலாகக் காட்ட ஒரு வசதி உண்டு. கை எங்கே தாவிவிட்டது என்று அதில் கண்டுபிடிக்கலாம். எல்லாம் சரியான பிறகு, கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓட வேண்டும் என்று அதில் ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். நான் ஆறு என்று தட்டினேன்.

நசீர் சார் பார்த்தார். "கை திக்கித் திக்கிப் போவுதேம்மா. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிப் பாருங்க" என்றார். பன்னிரண்டு தட்டினேன். அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. தோல் துண்டு வந்து உட்கார்ந்தது, ஓரம் சேர்ந்தது, தையல் ஒரு கோடாக வளைந்து முடிந்தது. நசீர் சார் கை தட்டினார். எண்ணை இரண்டு மடங்காக்கினால் படத்தின் நேரம் பாதியாகிவிடுகிறது, ஆறில் ஓடும்போதே அது நிஜத்தைவிட வேகம்தான் என்று அவரிடம் அப்போதே சொன்னேன். கற்றுக்கொள்வதற்குத்தானே, இதில் யார் நேரத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் கையா இது? தெரிஞ்சிருந்தா மருதாணி வெச்சிருப்பேனே" என்றாள். ஒடிசாப் பெண்கள் அந்தப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை தமிழ் இல்லாமல் வேலை கற்றுக்கொண்டார்கள். தனத்தை வழியில் பார்த்தால் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவளுக்கு ஒரே கூச்சம். அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை.

பிறகு வெளிநாட்டு வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, புது டார்கெட் போட சென்னை ஆபீஸிலிருந்து கார்த்திக் என்று ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். நல்ல பையன்தான், பேச்சில் மரியாதை உண்டு. ஸ்டாப்வாட்சுடன் லைனில் போய் நின்றார். தலைக்கு மேல் ஒருவர் நின்றால் எந்தக் கையும் தன் வேகத்தில் ஓடாது. சிலர் தடுமாறினார்கள், சிலர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். இரண்டு நாளில் அவருக்கு அலுத்துவிட்டது. பயிற்சி அறைக்கு வந்து என் படங்களைக் கேட்டார். கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், படம் தொடங்கும்போது வாட்சை அழுத்தினார், முடியும்போது அழுத்தினார்.

அது நிஜ நேரம் இல்லை, போட்டோக்களை அடுக்கியது, கட்டத்தில் வேறு எண்ணைத் தட்டினால் வேறு நேரம் வரும் என்று அங்கேயே சொன்னேன். எண்ணை மாற்றியும் காட்டினேன். தனத்தின் கை ஆமை போல் நகர்ந்தது. மறுபடி மாற்றினேன், பறந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "புரியுது மேடம். அலவன்ஸ் சேர்த்துத்தான் போடுவோம்" என்றார். நூல் அறுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் இவ்வளவு சதவீதம் என்று அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பொய்யான நேரத்தின் மேல் அந்தச் சதவீதத்தைச் சேர்த்தால் என்ன வரும் என்று நான் நசீர் சாரிடம் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார். டீ வந்தது. பேனா மூடியைக் கழற்றி எழுதிக்கொண்டார்.

புது டார்கெட் வந்தது. லைனின் முனையில் ஒரு டிவியை மாட்டி, என் படத்தை நாள் முழுக்க ஓடவிட்டார்கள். முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். பயிற்சி அறையில் இருந்த வரை அது பாடம். லைனுக்குப் போனதும் அது சவுக்கு. டார்கெட் எட்டாதவர்கள் முதல் பஸ்ஸில் போக முடியாது, உட்கார்ந்து முடித்துவிட்டு இரண்டாவது பஸ்ஸில்தான் போக வேண்டும். முதல் வாரத்தில் பாதி லைன் உட்கார்ந்தது. அடுத்த வாரம் தனமும் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவளை எழுப்பிக் கொண்டுபோய் டிவி முன்னால் நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் பார்க்க. "யார் கை இது? உன் கைதானே? அங்க முடியுது, இங்க இன்னா முடியல?" என்று கேட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது மற்றவர்கள். தனம் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"அந்த டிவில இருக்கிறவளுக்கு நூலே அறுந்துபோவாதாக்கா?"

அன்றைக்குத்தான் இன்னொரு படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். வாயால் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் நம்பியது படத்தை. அதனால் படத்தாலேயே காட்டுவோம் என்று நினைத்தேன். நசீர் சாரிடம் அனுமதி கேட்டேன். டீயைப் பார்த்ததும் இதுவும் நடக்காது என்றுதான் எண்ணினேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துவிட்டு, "பண்ணுங்கம்மா" என்றார்.

தனத்துக்கு விருப்பமில்லை. முதல் ஷிப்டுக்கு முன்னால் பஸ் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். "மறுபடியும் போட்டோவா? எனக்கு வேணாம்க்கா, பேஜாரு" என்றாள். இது அவளுக்காகத்தான் என்றேன். இந்த முறை எதையும் நிறுத்த வேண்டாம், அவள் பாட்டுக்கு வேலை செய்யட்டும் என்றேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள், வளையலைக் கழற்ற வேண்டுமா என்று. வேண்டாம் என்றதும் சரி என்றாள்.

லைனிலேயே, அவள் மெஷினுக்கு மேலேயே கேமராவை மாட்டினேன். ஒரு நொடிக்கு ஒரு போட்டோ தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அரை நாள் முழுக்க எடுத்தது. ஒரு போட்டோவையும் அழிக்கவில்லை. நூல் அறுந்தது இருக்கிறது. பாபினில் நூல் தீர்ந்து மாற்றியது இருக்கிறது. ஒரு துண்டு மெலிந்திருந்ததால் அதை மாற்றிக்கொள்ள எழுந்து போனது, காலியாகத் தெரியும் ஸ்டூல், திரும்பி வந்து உட்கார்ந்தது, தண்ணீர் குடித்தது, பக்கத்துப் பெண்ணின் ஊசியைச் சரிசெய்து கொடுத்தது எல்லாம் இருக்கிறது. இடது பக்கம் திரும்பத் திரும்ப ஓடும் பழைய படம், வலது பக்கம் புதுப் படம் என்று ஒரே திரையில் வைத்து, இரண்டையும் ஒரே மடங்கு வேகமாக்கி, இரண்டுக்கும் கீழே கடிகாரம் ஓடும்படி செய்தேன். இடது பக்கத்துக் கை ஒரு கட்டு அப்பரை முடித்துவிடும், வலது பக்கத்துக் கை முதல் சில ஜோடிகளில்தான் இருக்கும். என் வேலைக் காலத்தில் நான் செய்ததிலேயே நேர்த்தியான படம் அதுதான்.

மீட்டிங் அறையில் ஃபேக்டரி மேனேஜர், எச்.ஆர். மேடம், கார்த்திக், நசீர் சார் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டினேன். ஃபேக்டரி மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புரிந்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

"அங்க நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன். வலது பக்கத்துப் படத்தைக் காட்டி, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். தனம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். நானே அதை அதுவரை கவனிக்கவில்லை. மேலே ஓட்டச் சொன்னார். மறுபடி ஒரு இடத்தில் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, கையை உதறிவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் எச்.ஆர். மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். கார்த்திக் உற்சாகமாகிவிட்டார். பாபின் மாற்றுவது, துண்டு மாற்றப் போவது இதெல்லாம் ஹெல்ப்பர் செய்யலாம், தண்ணீர் கேனைத் தள்ளி வைத்தால் எழுந்திருப்பது குறையும், பக்கத்து மெஷினுக்கு உதவுவது டார்கெட் கணக்கிலேயே இல்லை என்றெல்லாம் அடுக்கினார்.

பழைய படம் பொய் என்று காட்டத்தான் இதை எடுத்தேன் என்று சொன்னேன். ஃபேக்டரி மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நல்ல வேலை எஸ்தர். லைன்ல இன்னா நடக்குதுன்னே எங்களுக்கு இதுவரைக்கும் தெரியல" என்றார். நசீர் சார் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்கெட்டில் பேருக்குக் கொஞ்சம் குறைத்தார்கள். ஹெல்ப்பர் ஒருத்தியைப் போட்டார்கள். தண்ணீர் கேன் வாசல் பக்கம் போனது. தனத்தைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். நரம்பு பாதித்திருக்கிறது, மெஷின் வேலைக்கு ஆகாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். தைத்து முடித்த அப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற டேபிளில் அவளை உட்கார வைத்தார்கள். அது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை, கிரேடும் அதற்கேற்ப இறங்கியது. உடம்பைக் கவனித்துத்தான் செய்தோம் என்று எச்.ஆர். மேடம் எல்லோரிடமும் சொன்னார். அதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. மணிக்கட்டு வலியை அவள் வருடக்கணக்காக மறைத்து வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாமல் மறைத்ததை, என் கேமரா அரை நாளில் பிடித்துக் கொடுத்துவிட்டது.

நசீர் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. டீ வந்தது, தொடவில்லை. இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டேன்.

பேனாவை மூடினார். "நெனச்சேன்" என்றார்.

"அப்புறம் ஏன் சார் பண்ணச் சொன்னீங்க?"

"நீங்க வந்து கேட்டா நான் வேணாம்னு சொல்றதில்லையேம்மா."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற ஒருத்தியின் பிழைப்பை, ஒரு மனிதர் மரியாதையாக நடந்துகொள்வதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். இத்தனை வருடம் கழித்தும் அந்த அறையை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

தனத்தின் மெஷினில் ஒரு ஒடிசாப் பெண்ணை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் வேலையை முடித்துத் தள்ளும் அப்பர், தனத்தின் டேபிளுக்கு வரும். நிமிர்ந்தால் எதிரே டிவியில் அவள் கை ஓடிக்கொண்டிருக்கும். என்னோடு அவள் சண்டை போடவில்லை. மத்தியானம் வேறு கூட்டத்தோடு உட்கார ஆரம்பித்தாள், அவ்வளவுதான். நான் இரண்டு முறை எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டாள், பேசவில்லை. கார்த்திகை ஞாயிறு சோளிங்கர் மலை ஏறிவிட்டு வந்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். பொங்கல் லீவு முடிந்து பஸ் வந்தபோது அவள் அதில் இல்லை.

அவள் போன பிறகும் படம் ஓடியது. மற்ற யூனிட்களுக்கும் அனுப்பினார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன், அது கம்பெனியின் சொத்து என்றார்கள். அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும், இது உண்மையான வேகம் அல்ல என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு அட்டையைக் காட்டினேன். டிவியில் ஏற்றுகிறவர்கள் முதல் சில நொடிகளை வெட்டிவிட்டு ஏற்றினார்கள். பிரியா, அந்த வாசகத்தைத் தொடக்கத்தில் போடாதே. கை ஓடுகிற இடத்திலேயே, கைக்கு மேலேயே எழுது. வெட்ட முடியாதபடி எழுது. உன் புது சாஃப்ட்வேரில் அதற்கு வழி இல்லையென்றால் அந்தப் படத்தைச் செய்யாதே. ஒரே ஒரு போட்டோவிலிருந்து அது உண்டாக்குகிற கைக்கு நூல் அறுவதும் தெரியாது, வலியும் தெரியாது. என் படத்தில் இருந்ததாவது தனத்தின் கை.

நான் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தினார்கள். நசீர் சார் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார், எல்லோருக்கும் தன் கையால் கொடுத்தார். ஆபீஸ் பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு படம் செய்திருந்தார்கள், போனில் கிடைக்கிற ஏதோ ஒன்றை வைத்து. என் பழைய போட்டோக்களெல்லாம் அதில் அசைந்தன. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இருந்த நான் கண்ணைச் சிமிட்டினேன். கடைசிப் படமாக, அமிர்திக்கு லைன் முழுக்க டூர் போனபோது அருவிக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோ வந்தது. அதில் என் தோளை ஒட்டித் தனம் நிற்கிறாள். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேமராவை முறைக்கிறாள், அதுதான் நிஜப் போட்டோ. திரையில் அவள் முகம் மெல்ல விரிந்தது. என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் யாரென்றே தெரியாது. நான் மைக்கில் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அடுத்த வாரம் பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். அதைத் தாண்டி அவள் ஊரில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. வெளிச்சம் விழுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஏஜென்டு கொடுத்துவிட்டுப் போகிற அப்பரைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய இன்னும் தைக்க வேண்டியவை. தலை நரைத்திருந்தது. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, போட்டோ எடுக்க வந்தியா?"

இல்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன், சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவள் குனிந்து தையலைத் தொடர்ந்தாள். மணிக்கட்டு வளையாததால் நூலை இழுக்க முடியாமல், குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு தையல். மறுபடி குனிந்து, பல்லால். நான் பார்த்துக்கொண்டே நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளி இடம் உண்டாக்கினாள்.

"உக்காருக்கா" என்றாள். "என் கையை மட்டும் பாக்காத."